இறுகிப்போன குவிய வளையம்

படச்சுருள் கேமராக்களின் காலம் முடிந்துவிட்டது என்று பேசிய நாள்கள் போய், பல்கலைக்கழக வளாகங்களில் அவற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பவர்களை இப்போது மீண்டும் பார்க்க முடிகிறது. அவற்றுள் பல, அப்பாவின் அலமாரியிலிருந்தோ தாத்தாவின் இரும்புப் பெட்டியிலிருந்தோ வந்தவை. முப்பது நாற்பது ஆண்டுகள் யாரும் தொடாமல் கிடந்த கருவியைக் கையில் எடுத்தவுடன் பலருக்கும் வரும் முதல் சிக்கல் ஒன்றுதான். லென்ஸின் குவிய வளையம் திரும்ப மறுக்கிறது.

"கிரீஸ் காய்ந்துவிட்டது, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். அதில் முதல் பாதி பெரும்பாலும் சரி. இரண்டாம் பாதியை நம்பிக் கெட்ட லென்ஸ்கள் நிறைய. ஏன் என்பதை விளக்கவே இக்கட்டுரை. பொதுவாக எல்லாக் கேமராக்களையும் பேசாமல், ரேஞ்ச்ஃபைண்டர் வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வளையத்தின் இறுக்கம் மிக அதிகமாகப் படத்தைக் கெடுப்பது அவ்வகையில்தான்.

ரேஞ்ச்ஃபைண்டரைத் தமிழில் தொலைவுமானிக் கேமரா எனலாம். இதில் நாம் லென்ஸின் வழியாகப் பார்ப்பதில்லை. கேமராவின் மேற்பகுதியில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சிறு சாளரங்கள் இருக்கும். இரண்டின் வழியே வரும் உருவங்களும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். குவிய வளையத்தைத் திருப்பும்போது, லென்ஸின் பின்புறத்திலுள்ள ஒரு பித்தளை விளிம்பு முன்னும் பின்னும் நகர்ந்து, கேமராவின் உள்ளிருக்கும் சிறு கையை அசைக்கிறது. அந்தக் கை உள்ளே உள்ள கண்ணாடியைத் திருப்ப, இரட்டையாகத் தெரிந்த உருவம் ஒன்றாகிறது. அந்த நொடியில் படம் தெளிவாக விழும் என்று பொருள். 1932இல் லைக்கா இரண்டாம் மாதிரியும் காண்டாக்ஸும் இந்த இணைப்போடு வெளிவந்தன. அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

இதில் எவ்வளவு நுட்பம் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, முடிவிலியிலிருந்து 1 மீட்டர் தொலைவுக்குக் குவியம் மாற்ற, ஏறத்தாழ 2.8 மி.மீ. முன்னே நகர்ந்தால் போதும். 0.7 மீட்டருக்கு 4.2 மி.மீ. எஃப் 2 துளையில் படம் எடுக்கும்போது, படச்சுருளின் தளத்தில் நாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை இருபுறமும் 0.06 மி.மீ. அளவுதான். அரைச் சுற்றில் 4.2 மி.மீ. நகரும் வளையம் என்று வைத்துக்கொண்டால், 0.06 மி.மீ. என்பது இரண்டரைப் பாகைக்குச் சற்று அதிகம். வளையத்தின் விட்டம் 5 சென்டிமீட்டர் என்றால் விரல் நுனியில் அது ஒரே ஒரு மில்லிமீட்டர்.

அந்த ஒரு மில்லிமீட்டரில் விரல் நிற்க வேண்டும். இறுகிய வளையம் அங்கே நிற்காது. அழுத்திக்கொண்டே இருப்போம், அசையாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று மூன்று மில்லிமீட்டர் தாவிவிடும். திரும்பிக் கொண்டுவந்தால் மறுபக்கம் தாவும். அதற்குள் படம் பிடிக்க நினைத்த முகம் திரும்பியிருக்கும்.

கிரீஸ் என்பதும் ஓர் உறுப்பு

வளையத்தின் உள்ளே இருப்பது ஒரு திருகு. ஆனால் சாதாரணத் திருகு அல்ல. குடிநீர்ப் போத்தலின் மூடியையும் அகன்ற வாய் கொண்ட ஊறுகாய்ப் போத்தலின் மூடியையும் நினைத்துப் பாருங்கள். முன்னதில் மரை ஒன்றே ஒன்று. முழுச் சுற்றுக்கு மேல் திருக வேண்டும். பின்னதில் விளிம்பைச் சுற்றிப் பல இடங்களில் மரை தொடங்குகிறது. கால் சுற்றில் இறுகிவிடுகிறது. லென்ஸில் இருப்பது பின்னதின் மிக நுட்பமான வடிவம். ஒரே மரையாக இருந்தால் 4 மி.மீ. நகரப் பல சுற்று திருக வேண்டியிருக்கும். பல மரைகள் பக்கம் பக்கமாகச் செங்குத்தான சாய்வில் ஓடுவதால் கால் சுற்றிலோ அரைச் சுற்றிலோ வேலை முடிகிறது. அதோடு, முன்கண்ணாடிப் பகுதி சுழலாமல் நேராக மட்டும் நகர வேண்டும் என்று விரும்பும் தயாரிப்பாளர்கள், ஒரு நீள்பள்ளத்தையும் அதில் வழுக்கிச் செல்லும் சிறு சாவியையும் சேர்ப்பார்கள். ஆக, உராய்வு ஏற்படும் இடங்கள் இரண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

மரைகளின் பரப்பைக் கூட்டிப் பார்த்தால், இவ்வளவு சிறிய பொருளுக்கு அது மிக அதிகம். உலோகமும் உலோகமும் நேரடியாக உரசினால் தேய்ந்துவிடும். குறிப்பாக அலுமினியத்தோடு அலுமினியம் உரசினால் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு பிடித்துவிடும். அதனால்தான் பல லென்ஸ்களில் ஒரு பாகம் பித்தளையாகவும் மற்றது அலுமினியமாகவும் இருக்கும். அப்போதும் இரண்டுக்கும் இடையே மிக மெல்லிய இடைவெளி தேவை. அந்த இடைவெளியை நிரப்பி, லென்ஸ் ஆடாமல் பிடித்து, விரலுக்குச் சீரான எதிர்ப்பைத் தருவது கிரீஸ்தான். மற்ற இயந்திரங்களில் கிரீஸின் வேலை உராய்வைக் குறைப்பது. இங்கே வேண்டிய அளவு எதிர்ப்பைக் கொடுப்பதும் அதன் வேலை. என் கருத்தில் அதை மசகு என்று நினைக்காமல் லென்ஸின் உறுப்புகளில் ஒன்று என்றே நினைக்க வேண்டும். கண்ணாடியை மாற்றினால் லென்ஸ் மாறிவிடும் என்று நமக்குத் தெரியும். கிரீஸை மாற்றினாலும் அப்படித்தான்.

கிரீஸ் எதனால் ஆனது? எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் ஒருவகைச் சோப்பு. பஞ்சில் ஊறிய நீர் போல, சோப்பின் இழைகளுக்குள் எண்ணெய் தங்கியிருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல எண்ணெய் மெல்லக் கசிந்து பிரிகிறது. ஒரு பகுதி ஆவியாகிறது. எஞ்சியது காற்றோடு வினைபுரிந்து பிசினாகிறது. கடைசியில் மரைகளுக்குள் மிஞ்சுவது மெழுகு போன்ற ஒரு பொருள். பித்தளை லென்ஸைத் திறந்தால் அது சில நேரங்களில் பச்சையாக இருக்கும். கிரீஸிலுள்ள கொழுப்பு அமிலங்கள் பித்தளையின் செம்போடு சேர்ந்ததால் வந்த நிறம் அது. முதன்முறை பார்ப்பவர்கள் பாசி படிந்துவிட்டதோ என்று பயந்துபோவதுண்டு.

ஐரோப்பியர்கள் எழுதிய குறிப்புகளில், "குளிர்காலத்தில் வளையம் சற்று இறுகும், அது இயல்பு" என்று படிக்கலாம். குளிரில் எண்ணெயின் பாகுத்தன்மை கூடுவதால் அங்கே அது உண்மைதான். நம் நாட்டில் அந்தச் சமாதானம் எடுபடாது. 30 பாகை வெயிலில் ஒரு லென்ஸ் இறுக்கமாக இருக்கிறது என்றால் உள்ளே ஏதோ உண்மையிலேயே மாறியிருக்கிறது. வெயிலில் நிறுத்திய காரில் கேமராவை விட்டுச் செல்லும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. எண்ணெய் கிரீஸிலிருந்து விரைவாகப் பிரிவதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை.

விரலால் நாடி பார்ப்பது

எல்லா இறுக்கமும் ஒன்றல்ல. ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். பழைய லைக்கா, கேனன் லென்ஸ்கள் பலவற்றில், முடிவிலியில் வளையத்தைப் பூட்டிவைக்கும் ஒரு சிறு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால்தான் வளையம் நகரும். "இறுகிவிட்டது" என்று என்னிடம் காட்டப்பட்ட லென்ஸ்களில் சில, வெறுமனே பூட்டியிருந்தவை. கொடுத்தவர் முகத்தில் வரும் சிரிப்புக்காகவே அதை நான் முதலில் பார்ப்பேன்.

பூட்டு இல்லை என்றால், லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றிவிட்டுத் திருப்பிப் பாருங்கள். கழற்றியதும் இலகுவாகத் திரும்பினால் கோளாறு லென்ஸில் இல்லை. கேமராவின் உள்ளே இருக்கும் கைக்கும் பித்தளை விளிம்புக்கும் இடையே இருக்கிறது. லைக்காவில் அந்தக் கையின் நுனியில் ஓர் உருளை உண்டு. சோவியத் ஃபெட், சோர்க்கி கேமராக்களில் உருளைக்குப் பதில் நாக்கு போன்ற ஒரு துண்டு மட்டுமே. வேறு நிறுவன லென்ஸை மாட்டினால் அது சில நேரம் தடுக்கும். இன்னொரு வகையையும் சொல்லிவிடுகிறேன். பழைய காண்டாக்ஸிலும், அதைப் பின்பற்றிச் செய்யப்பட்ட கியெவ்விலும், 50 மி.மீ. லென்ஸுக்கான குவிய மரை கேமராவின் உடலிலேயே இருக்கிறது. அங்கே லென்ஸைப் பழுதுபார்க்கக் கொடுப்பது தலைவலிக்குக் காலில் மருந்து போடுவது போன்றது.

கழற்றிய பிறகும் இறுக்கம் இருந்தால், முதலில் மிக மெதுவாகவும் பிறகு வேகமாகவும் திருப்பிப் பாருங்கள். தேனுக்குள் கரண்டியை மெல்ல நகர்த்தினால் எதிர்ப்பு குறைவு, வேகமாக நகர்த்தினால் அதிகம். வளையம் அப்படி நடந்துகொண்டால் கிரீஸ் இன்னும் நீர்மமாகத்தான் இருக்கிறது. தடித்துப்போயிருக்கிறது அல்லது யாரோ தடித்த கிரீஸைப் போட்டிருக்கிறார்கள். இது அவசர நோயல்ல. மாறாக, மெதுவாகத் திருப்பும்போதுதான் அதிகமாகத் தடுக்கிறது, விட்டுவிட்டுத் தாவுகிறது என்றால் எண்ணெய் போய்விட்டது. உலர்ந்த உராய்வு வேகத்தைப் பொருட்படுத்துவதில்லை. அசையத் தொடங்கும் இடத்தில்தான் அது வலிமையாக இருக்கும்.

முதல் இரண்டு மூன்று திருப்பலுக்கு மட்டும் கடினமாக இருந்து, பிறகு இலகுவாகிவிடும் லென்ஸ்களும் உண்டு. நெடுநாள் அசையாமல் இருந்த கிரீஸ் கட்டிக்கொள்வதும், அசைத்தால் இளகுவதும் இயல்பு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முப்பது நாற்பது முறை பொறுமையாகத் திருப்பிக் கொடுப்பதே இதற்கு மருந்து. செலவில்லாத ஒரே மருந்தும் இதுதான்.

ஓர் இடத்தில் மட்டும் பிடிக்கிறது என்றால் கிரீஸை மறந்துவிடுங்கள். லென்ஸ் கீழே விழுந்து உருளை சற்று நசுங்கியிருக்கலாம், மரையில் மணல் புகுந்திருக்கலாம், முன்பு சொன்ன நீள்பள்ளத்திலுள்ள சாவி வளைந்திருக்கலாம். இவற்றில் எதற்கும் எண்ணெய் விடை சொல்லாது.

வலுவந்தமாகத் திருப்பினால் என்ன ஆகும் என்பதற்கு, திருகு வகை லென்ஸ்களில் ஒரு விசித்திரமான பதில் உண்டு. லைக்காவின் பழைய இணைப்பு 39 மி.மீ. விட்டமுள்ள திருகு; ஓர் அங்குலத்துக்கு 26 மரை. குவிய வளையம் இறுகியிருந்தால், அதை ஒரு திசையில் திருப்பும்போது வளையத்துக்குப் பதில் லென்ஸ் முழுவதுமே கேமராவிலிருந்து அவிழத் தொடங்கும். கால் சுற்று அவிழ்ந்தால் லென்ஸ் 0.24 மி.மீ. முன்னே வந்துவிடும். 50 மி.மீ. லென்ஸாக இருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். ஏனெனில் அதில் கண்ணாடியும் பித்தளை விளிம்பும் ஒரே அளவு நகர்பவை. இரண்டும் சேர்ந்து முன்னே வந்தாலும் தொலைவுமானி உண்மையையே காட்டும். 90 மி.மீ. லென்ஸில் அப்படி இல்லை. விளிம்பு 0.24 மி.மீ. நகரும்போது கண்ணாடி அதைப்போல் மூன்று மடங்கு, 0.7 மி.மீ.க்கு மேல் நகர்ந்திருக்க வேண்டும். ஆனால் அதுவும் 0.24 மட்டுமே நகர்ந்திருக்கிறது. குவியம் அரை மில்லிமீட்டர் தவறுகிறது. எஃப் 4 துளையில் பொறுத்துக்கொள்ளக்கூடியது 0.12 மி.மீ. மட்டும். சாளரத்தில் உருவம் கச்சிதமாக ஒன்றியிருக்கும், படச்சுருளில் முகம் மங்கியிருக்கும். கேமராவே பழுது என்று முடிவுகட்டி விற்றவர்களும் இருக்கக்கூடும்.

எண்ணெய் செய்யும் வேலை

இனி அந்த இரண்டு சொட்டு எண்ணெய்க்கு வருவோம்.

என்னோடு படித்த நண்பர் ஒருவரின் தந்தை சிற்றூர் ஒன்றில் நிழற்படக் கடை வைத்திருந்தவர். அவர் விட்டுச் சென்றவற்றுள் கேனன் 7 கேமராவும், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் இருந்தன. அந்த வட்டாரத்துத் தோட்டப்புறத் திருமணங்கள் பலவற்றைப் பார்த்த லென்ஸ் அது. தங்கையின் திருமணத்தை அதில்தான் எடுக்க வேண்டும் என்பது நண்பரின் ஆசை. வளையம் விட்டுவிட்டுத் தாவியதால் ஒரு கடையில் கொடுத்தார். அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெண்ணெய் போல வழுக்கியது. திறந்து பார்க்காமலே இடைவெளி வழியாக மெல்லிய எண்ணெயை விட்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

சில மாதங்களில் படங்கள் வெளுக்கத் தொடங்கின. நண்பர் லென்ஸை என்னிடம் கொண்டுவந்தார். துளையை முழுதும் திறந்து, பின்புறமிருந்து கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சினோம். துளைத் தகடுகளின் மேல் எண்ணெய் மினுமினுத்தது. தகடுகளுக்குப் பின்னால் உள்ள கண்ணாடியில் பனி படர்ந்தது போல ஒரு வெண்மை. 

நடந்தது இதுதான். மெல்லிய எண்ணெய் மரைகளுக்குள் நிற்காது. பழைய கிரீஸைக் கரைத்து, அதையும் இழுத்துக்கொண்டு ஊர்ந்து செல்லும். துளைத் தகடுகளை அடையும். அங்கிருந்து வெப்பத்தில் மெல்ல ஆவியாகி, அருகிலுள்ள கண்ணாடியில் படியும். வீட்டில் கதவுக் கீலுக்கு அடிக்கும் டபிள்யூ.டி.-40 போன்றவையும் இவ்வகையில்தான் சேரும். குறிப்பிட்ட அந்தக் கேனன் லென்ஸ் இதற்குப் பெயர்போனது. அதை வாங்க விரும்புவோர் முதலில் துளைக்குப் பின்னுள்ள கண்ணாடியைத்தான் பார்ப்பார்கள். படலம் புதியதாக இருந்தால் துடைத்து எடுத்துவிடலாம். நாள்பட்டால் கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துவிடும். பிறகு துடைக்க ஒன்றும் இருக்காது.

கண்ணாடி மாறாத வகை ரேஞ்ச்ஃபைண்டர்களில் ஆபத்து இன்னும் அருகில் இருக்கிறது. நம் வீடுகளில் அதிகம் கிடைக்கக்கூடியவையும் இவைதான். 1966இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35 ஓர் எடுத்துக்காட்டு. இவற்றில் மூடித்தகடுகள் லென்ஸுக்குள்ளேயே இருக்கின்றன. எண்ணெய் அங்கே போனால் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வளையம் இலகுவாகத் திரும்பும், படம் மட்டும் எடுக்க முடியாது.

நண்பரின் லென்ஸ், அனுபவமுள்ள ஒரு பழுதுபார்ப்பவரிடம் போனது. எண்ணெய் முழுவதையும் நீக்கி, மரைகளுக்குப் புதிய கிரீஸ் இட்டு, வெண்மையில் பெரும்பகுதியையும் எடுத்துவிட்டார். ஓரத்தில் பிறை வடிவில் ஓர் அரிப்பு மட்டும் நிலைத்துவிட்டது. திருமணப் படங்களை அதில்தான் எடுத்தார்கள். பகலில் எடுத்தவற்றில் குறை தெரியவில்லை. குத்துவிளக்கு வரும் படங்களில் சுடரைச் சுற்றி ஒரு வெண்படலம் இருக்கிறது.

முறையான வழி

சரியான சிகிச்சை ஒன்றுதான். மரைகளை முழுவதும் பிரித்து, பழைய கிரீஸை அறவே நீக்கி, புதியது இட வேண்டும். பழையதன்மேல் புதியதைப் பூசக்கூடாது. விலையுயர்ந்த லென்ஸையோ குடும்பச் சொத்தையோ நீங்களாகப் பிரிக்கவேண்டாம் என்பதே என் ஆலோசனை. கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால், மலிவாகக் கிடைக்கும் சோவியத் லென்ஸ் ஒன்றில் தொடங்கலாம். இண்டஸ்டார் வகை லென்ஸ்கள் பழகுவதற்கென்றே செய்தது போல எளிமையானவை. கிரீஸும் பெரும்பாலும் இறுகியே இருக்கும்.

மிக முக்கியமான நொடி, உள் மரையும் வெளி மரையும் பிரியும் நொடி. பல தொடக்கங்கள் உள்ள திருகு என்று முன்பே சொன்னேன். திரும்பச் சேர்க்கும்போது எந்தத் தொடக்கத்திலும் அது உள்ளே போகும். சரியானது ஒன்றே ஒன்று. தவறான தொடக்கத்தில் சேர்த்தால், எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தோன்றும், ஆனால் முடிவிலி கிடைக்காது. ஆகவே மெல்ல அவிழ்த்து, பிரியும் இடத்தில் இரண்டு பாகங்களிலும் ஊசியால் ஒரு கோடு கீறிக்கொள்ள வேண்டும். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்துவையுங்கள். லைட்டரில் ஊற்றும் திரவமே பழைய கிரீஸைக் கழுவப் போதும். அது எளிதில் தீப்பற்றும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்குத் தொலைவில் செய்யுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்லும். வளையத்தை இளக்க முடி உலர்த்தியால் சூடேற்றும் யோசனையும் வேண்டாம். பழைய லென்ஸ்களில் கண்ணாடிகளை ஒட்டியிருப்பது கனடா பால்சம் என்னும் மரப்பிசின். வெப்பத்தில் அது இளகும்.

புதிய கிரீஸ், லென்ஸ்களுக்கென்றே விற்கப்படும் தடித்த வகையாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் சங்கிலிக்குப் போடுவது உதவாது. எண்ணெய் பிரிந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அளவு, மரைகள் மேல் ஒரு மெல்லிய பளபளப்பு தெரியும் அளவே. அதிகமானால் பிதுங்கி வெளியே வரும், வரவேண்டாத இடத்துக்குப் போகும். நீள்பள்ளத்திலுள்ள சாவிக்கும் சிறிது தடவ மறக்கக்கூடாது; மரைகளை அழகாகச் செய்துவிட்டு இதை விட்டுவிட்டால் இறுக்கம் அப்படியே இருக்கும்.

பிரிக்கும்போது, கண்ணாடிப் பகுதிக்கும் மரைப் பகுதிக்கும் இடையே தாள் போன்ற மெல்லிய வளையத் தகடுகள் இருக்கலாம். லென்ஸின் நிலையை மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு அளவுக்குச் சரிசெய்யத் தொழிற்சாலையில் வைத்தவை அவை. கிரீஸோடு ஒட்டிக்கொண்டு துடைக்கும் துணியில் போய்விடும். எத்தனை இருந்தன என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சேர்த்தபின் வளையத்தை முடிவிலியில் நிறுத்தி, குறைந்தது ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பொருளைச் சாளரத்தில் பாருங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இரட்டைக் கோபுரம் போதும். இரவு என்றால் நிலா. இரண்டு உருவங்களும் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். பிறகு கேமராவின் பின்மூடியைத் திறந்து, படச்சுருள் ஓடும் தடத்தின் மேல் ஒரு சொரசொரப்பான கண்ணாடித் துண்டை வைத்து, மூடித்தகட்டைத் திறந்துபிடித்து, அங்கேயும் அதே பொருள் தெளிவாக விழுகிறதா என்று உருப்பெருக்கி கொண்டு பார்க்க வேண்டும். சாளரத்தில் ஒன்றி, கண்ணாடியில் மங்கினால் தகடுகளை மீண்டும் எண்ணுங்கள்.